கொடுவாவுக்கு ஒரு தடி: மட்டக்களப்பு வாவியில் ஜிக் தூண்டிலுக்குத் தடி தெரிவதும் கட்டுவதும்

கல்லடிப் பழைய பாலத்தில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு நடந்து பாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம், போக்குவரத்து 2013இல் பக்கத்துப் புதிய பாலத்துக்கு மாறிய பிறகு, நடப்பவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் உரியதாகி விட்டது. வெற்றுச் சோடாப் போத்தலில் தங்கூசி நூலைச் சுற்றி வைத்துக் கொண்டு பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். சிலரிடம் மூங்கில் கம்பு. ஒருசிலரிடம் கடையில் வாங்கிய பளபளப்பான தடியும் ரீலும். பொழுதுபோக்குக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் அன்றைய கறிக்காக, அல்லது நாளைய பாடசாலைப் பயணச் செலவுக்காக நிற்பவர்களை அவர்கள் நிற்கும் விதத்திலேயே அடையாளம் காணலாம்.

வலையும் தோணியும் இல்லாதவனின் தொழில் தூண்டில். போர்க்காலத்தில் இரவுத் தொழிலுக்குத் தடை வந்தபோதும், 2004 டிசம்பரில் கடல் வந்து நாவலடியிலும் கல்லடியிலும் வள்ளங்களை அள்ளிக் கொண்டு போனபோதும், 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடந்தபோதும், இந்த மாவட்டத்தில் பலருக்கு மிஞ்சியது ஒரு நூலும் ஒரு கொக்கியும்தான்.

அந்தப் பாலத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்றார். 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து சனம் வெளியேறிய நாட்களில் எறிகணைத் துண்டு பட்டு, வலது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை மட்டும் மிஞ்சிப் போனவர். அதற்கு முன் வீச்சுவலைக்காரர். இப்போது மற்றவர்களின் மீனைச் சுத்தம் செய்து கொடுத்து ஒரு பங்கு வாங்குகிறார். தூண்டில் போடலாமே என்று கேட்டேன். "கைத்தூண்டிலுக்கு ரெண்டு கை வேணும் மனே. ஒரு கையால இழுத்தா மற்றக் கைதான் நூலைப் பிடிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. நூலைக் கைமாறிக் கைமாறித்தான் இழுக்க வேண்டும். ஒரு கை உள்ளவருக்குத் தடியும் ரீலும் ஆடம்பரமல்ல, அவை இல்லாமல் தூண்டிலே இல்லை. ஆனால் கடைத் தடிகள் எல்லாம் இரண்டு கைக்காரருக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே அவருக்கு ஒரு தடி கட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையில் கற்றதையும், அதற்கு முன் காசைக் கொட்டிக் கற்றதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

மீனும் இரையும்

முதலில் மீன். உலகத்தில் ஆசியக் கடல் பாஸ் என்றும் பரமண்டி என்றும் அழைக்கப்படுவது நம்முடைய கொடுவாதான். அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் பிடிபடும் பாஸ் வேறு குடும்பத்து மீன். ஆனால் இரண்டுக்கும் குணம் ஒன்று: மரவேர், பாலத் தூண், கற்குவியல் என்று எதையாவது மறைவாக வைத்துக் கொண்டு அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் சிறுமீனைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். அதனால்தான் அமெரிக்க பாஸ் மீனுக்காக உருவான ஜிக் முறை, அவுஸ்திரேலியாவில் கொடுவாவுக்கும் அப்படியே பொருந்தியது. நமது வாவியிலும் பொருந்தும். வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம் என்றாலும் ஆழம் அதிகமில்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று மீற்றருக்குள் அடி தட்டும். அடியைத் தட்டிக் கொண்டே வரும் இரைக்கு இதைவிட வசதியான தண்ணீர் கிடைக்காது.

ஜிக் என்பது கொக்கியின் கழுத்தில் ஈயம் வார்த்த ஒரு சிறு தலை. அதன் பின்னால் இறப்பர் மீனோ இறப்பர் இறாலோ மாட்டப்பட்டிருக்கும். எறிந்து அடிக்குப் போக விட்டு, துள்ள விட்டு, மறுபடி விழ விட வேண்டும். மீன் அநேகமாக அது விழும்போதுதான் எடுக்கும். அந்த எடுப்பு சில வேளை "டக்" என்ற ஒரு சிறு தட்டல். சில வேளை நூல் தளர்வது மட்டும்தான். ஜிக் தடியில் நாம் தேடுவதெல்லாம் இந்த இரண்டு வேலைக்காக: அந்தச் சிறு தட்டலைக் கைக்குக் கொண்டு வர வேண்டும், அடுத்த கணம் தடித்த ஒற்றைக் கொக்கியை மீனின் கடினமான வாயில் ஏற்ற வேண்டும்.

தடியில் எழுதியிருப்பது என்ன

தடியின் கைப்பிடிக்கு மேல் சிறு எழுத்தில் சில விபரங்கள் இருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறோம். நீளம், எறியக்கூடிய இரையின் எடை, தாங்கும் நூலின் பலம், தடியின் வலு ஆகியவை அங்கே இருக்கும்.

வலு வேறு, வளைவு வேறு. இதைக் குழப்பிக் கொள்வதால்தான் அதிகம் காசு வீணாகிறது. வலு என்பது தடியை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. வளைவு என்பது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நுனியில் மூன்றிலொரு பங்கு மட்டும் வளைந்தால் வேகத் தடி, பாதி வரை வளைந்தால் நடுத்தரம், கைப்பிடி வரை வளைந்தால் மெதுத் தடி. ஜிக்குக்கு வேகத் தடி என்பது பொதுவிதி. அடித் தண்டு விறைப்பாக இருப்பதால் கொக்கி சட்டென்று ஏறும்.

ஆனால் கொடுவா துள்ளும் மீன். தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும்போது, ஈயத்தலையின் பாரமே கொக்கியைக் கழற்றிவிடப் பார்க்கும். இப்போது பலரும் பாவிக்கும் பின்னல் நூல் கொஞ்சமும் நீளாது. விறைத்த தடியும் நீளாத நூலும் சேர்ந்தால் அந்த உதறலில் எதுவும் இடம் கொடுக்காது, மீன் போய்விடும். ஆகவே என் அபிப்பிராயம்: பின்னல் நூலென்றால் வேகத்துக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட தடி. நீளும் தன்மையுள்ள தங்கூசி நூலென்றால் முழு வேகத் தடி.

வாவிக்குள்ளே 10 முதல் 14 கிராம் ஜிக் போதும். முகத்துவாரத்தின் நீரோட்டத்தில் 20 கிராமுக்கு மேல் வேண்டும். ஆகவே 7 முதல் 28 கிராம், அதாவது கால் அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை என்று எழுதப்பட்ட, நடுத்தரத்துக்கு மேற்பட்ட வலுவுள்ள தடி ஒன்று இருந்தால் இங்குள்ள பெரும்பாலான வேலை முடிந்தது. நூல் 20 இறாத்தல். அதன் முனையில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 40 இறாத்தலுக்குக் குறையாத தடித்த தங்கூசியைத் தலைநூலாகக் கட்ட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கொடுவாவின் வாய் அரத்தாள் போன்றது, செவுள் மூடியின் ஓரம் சவர அலகு போன்றது. கையையும் அறுக்கும், நூலையும் அறுக்கும்.

ரீலின் இழுவைத் திருகை நூல் பலத்தின் காற்பங்குக்கு வைத்துக் கொள்ளுங்கள். 20 இறாத்தல் நூலுக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ. மீன் நிறுக்கும் சுருள் தராசை நூலில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிற்கும் இடம்தான் நீளத்தைத் தீர்மானிக்கும்

பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுப் பக்கம், முகத்துவாரத்து மணலில் நின்று எறிபவருக்கு எட்டு அடிக்குமேல் வேண்டும். தூரமும் வேண்டும், கரையில் மடியும் அலைக்கு மேலாக நூலைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். கண்டல் ஓரமாகத் தோணியில் இருந்து போடுபவருக்கு ஆறு அடியே கூட, ஐந்தரை இருந்தால் கிளைகளில் தட்டாது. அங்கே தூரம் தேவையில்லை, மீனை வேருக்குள் போக விடாமல் முதல் மூன்று நொடியில் திருப்பும் வலுதான் தேவை. வலையிறவிலோ, 2014 வரை பாதையில் ஏறிக் கடந்த மண்முனையில் இப்போதிருக்கும் பாலத்தின் அருகிலோ கரையில் நிற்பவருக்கு ஆறரை முதல் ஏழு அடி.

உயரமான பாலத்தின் மேல் நிற்பது தனிக்கதை. அங்கே நான் ஒரு தடியை உடைத்திருக்கிறேன். வாங்கி மூன்றாம் நாள், இரண்டு கிலோ வரும் ஒரு கொடுவாவைத் தடியாலேயே மேலே தூக்கப் போனேன். நுனியிலிருந்து ஓரடி கீழே வெடித்தது. மீனும் போனது, பக்கத்தில் கைநூலோடு நின்ற சிறுவன் சிரித்த சிரிப்பும் மறக்கவில்லை. தடி என்பது வளைந்து மீனைக் களைக்க வைப்பதற்கு, பாரம் தூக்குவதற்கல்ல. நூலுக்கும் தடிக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைத் தாண்டி ஒடுங்கினால் பாரம் முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடும், கார்பன் தடி அதைத் தாங்காது. பாலத்தில் நிற்பவர் கயிற்றில் கட்டி இறக்கக்கூடிய ஒரு வளைய வலையைக் கொண்டு போக வேண்டும். சைக்கிள் சக்கர வளையத்தில் பழைய வலைத்துண்டைக் கட்டினாலே போதும்.

கடையில் பார்ப்பது

விலை ஏறிய தடியெல்லாம் நல்ல தடி இல்லை. 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதித் தடிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, தொண்ணூற்றொன்பது வீதம் கார்பன் என்று ஒட்டிய மலிவுத் தடிகளும் கூடவே வந்தன. ஒட்டியிருப்பதை நம்புவதைவிட ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நம்பலாம். கடைக்கு உங்கள் ரீலைக் கொண்டு போங்கள். நூலை வளையங்களுக்குள்ளால் கோர்த்து, முனையில் போத்தலைக் கட்டி மெதுவாக உயர்த்துங்கள். அது ஒரு கிலோ. எந்த இடத்தில் வளைகிறது என்று கண்ணால் பார்க்கலாம், நூல் எந்த வளையத்துக்கிடையில் தடியில் உரசுகிறது என்றும் தெரியும். அதற்குமுன் ஒரு பஞ்சுத் துண்டை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழைபட்டால் அங்கே வெடிப்பு இருக்கிறது, பின்னல் நூல் அதில் அறுந்து போகும். விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

கார்பனா, பைபர் கிளாஸா? கார்பன் இலேசு, தட்டலை நன்றாகக் கடத்தும், ஆனால் கல்லில் ஒருமுறை அடிபட்டால் அந்த இடத்தில் பிறகொரு நாள் உடையும். பைபர் பாரம், கொஞ்சம் மந்தம், ஆனால் தோணித் தளத்தில் உருண்டு மிதிபட்டாலும் பிழைக்கும். பிள்ளைகளோடு ஒரே அறையில் தடியை வைக்கும் வீட்டுக்கு நான் பைபரைத்தான் சொல்வேன். இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் கார்பன் தடியோடு பாலத்திலோ திறந்த கரையிலோ நிற்கக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே எறியவும் கூடாது.

ஒரு கைக்காக ஒரு தடி

பெரியவருக்குத் தடி கட்ட எங்களிடம் இருந்தது, அடிப்பாகம் உடைந்த ஏழடிப் பைபர் தடி ஒன்று, மூங்கில், ஒரு பழைய ரீல். முதல் கேள்வி, தடியை எது பிடிக்கப் போகிறது? இடது கை ரீலைச் சுற்ற வேண்டும். ஆகவே தடியைப் பிடிக்க வேண்டியது மிஞ்சிய வலது முன்கைத் துண்டு.

இந்த இடத்தில் நெம்புகோல் கணக்கு வருகிறது. மீன் இழுப்பது நுனியில், தாங்குவது முழங்கையில். தடி நீளமாக நீளமாக மீனின் பக்கம் நெம்புகோல் நீளும். இரண்டு கை உள்ளவர் கவனிக்காத இந்தச் சுமை, நான்கு விரற்கடை எலும்பில் பெரிய சுமை. ஆகவே தடியை ஆறடிக்குக் குறைத்தோம். கைப்பிடி வரை வளையும் மெதுத் தடி, வழக்கமாக ஜிக்குக்கு ஆகாது என்று சொல்லப்படுவது, இவருக்கு அதுவே நல்லது. தடி வளைய வளைய நுனி உடலுக்குக் கிட்ட வரும், நெம்புகோல் குறுகும்.

உடைந்த தடியின் அடியைச் சீராக அறுத்து, உள்ளே இறுக்கமாகப் போகும் நன்கு காய்ந்த மூங்கில் தண்டை அரல்டைட் பூசிச் செருகினோம். செருகிய ஆழம் ஒரு சாண். பொருத்தின் மேல் நைலோன் நூலை இடைவெளியில்லாமல் சுற்றி மறுபடி பூசினோம். மூங்கிலின் மறுமுனை முழங்கையைத் தாண்டி ஆறு அங்குலம் பின்னே போனது. அதன் குழலுக்குள் ஈயத் துண்டுகளைப் போட்டு அடைத்தோம். முன்பாரத்தைச் சமன் செய்ய அது உதவும். ரீல் பூட்டிய பின் தடியை ஒரு விரலில் வைத்தால் ரீலுக்குச் சற்று முன்னே சமநிலைக்கு நிற்க வேண்டும். அதுவரை ஈயத்தைக் கூட்டிக் குறைத்தோம்.

கையைப் பிடிக்கும் கவசம் பி.வி.சி. குழாயில் செய்தது. நான்கு அங்குலக் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் பாதியாக அறுத்து, அடுப்பு வெக்கையில் இளக்கி, அவருடைய கையின் அளவுக்கு வளைத்தோம். சூட்டோடு கையில் வைக்கக் கூடாது, அதே பருமனுள்ள ஒரு போத்தலில் வைத்துத்தான் வளைக்க வேண்டும். உள்ளே இறப்பர் செருப்பின் அடித்துண்டு. துண்டித்த நுனியில் எதுவும் அழுத்தக் கூடாது என்று நுனிப்பக்கம் திறந்தே விட்டோம். தோல் அங்கே மெல்லியது, உப்புத் தண்ணீர் பட்டுப் புண்ணானால் ஆற நாளாகும். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டி, மேலே ஒரு பட்டி. இரண்டும் பல்லால் கடித்து ஒரே இழுப்பில் கழற்றக்கூடியவை. இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை. தோணி கவிழ்ந்தால், தடியோடு கட்டிய கையால் நீந்த முடியாது. அவர் அதைத் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவில் நின்று பத்துத் தடவை கழற்றிப் பழகிய பிறகே பாலத்துக்குப் போனோம். பகலில், முதலை நடமாட்டம் இல்லாத இடத்தில்.

வளையங்களுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: தடி எத்தனை அடியோ அதைவிட ஒன்று கூட. ஆறடிக்கு ஏழு. எந்தப் பக்கத்தில் கட்டுவது என்பதற்கு, தடியின் நுனியைத் தரையில் ஊன்றி நடுவில் அழுத்தி உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அது தானாகத் திரும்பி நிற்கும். அதுதான் தடியின் முதுகெலும்பைக் காட்டும் பக்கம். கீழே தொங்கும் ரீலுக்கு வளையங்களும் அந்தக் கோட்டில் வந்தால் பாரத்தில் தடி முறுகாது. வளையங்களை முதலில் இறப்பர் வளையத்தால் தற்காலிகமாகப் பிடித்து, தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, நூல் தடியில் உரசாத இடங்களைக் குறித்த பிறகே நூல் சுற்ற வேண்டும். நுனி வளையத்தைச் சூட்டுப் பசையால் ஒட்டுவது நல்லது. அடிக்கடி உடைவது அதுதான், தீக்குச்சி காட்டினால் கழன்று வரும்.

பிறகு ஜிக்கை ஆட்டும் விதம். வழக்கமாகத் தடியை உயர்த்தித் துள்ள விடுவார்கள். இவர் தடியை அசைப்பதே இல்லை. ரீலை இரண்டு சுற்று வேகமாகச் சுற்றி நிறுத்துகிறார், ஜிக் துள்ளி விழுகிறது. நிறுத்தியிருக்கும் நேரத்தில் இடதுகைச் சுட்டுவிரல் நூலைத் தொட்டுக் கொண்டிருக்கும். மூங்கில் மந்தமான பொருள், தட்டலைச் சொல்லாது. அந்த விரல் சொல்லும். கொக்கியை ஏற்ற இழுப்பதற்குப் பதில் வேகமாகச் சுற்றுகிறார். கொக்கியை அரத்தால் தினமும் தீட்டினால் அது போதும்.

முதல் கிழமை ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் கிழமை ஒரு செம்பல்லி, பிறகு ஒன்றரைக் கிலோ வரும் ஒரு கொடுவா. இப்போது மீன் சுத்தம் செய்யும் வேலையை அவர் விடவில்லை, ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் தன் மீனைத்தான் சுத்தம் செய்கிறார்.

பெரிய கொடுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுவாவில் பெரும்பாலானவை ஆணாகவே முதிர்ந்து, ஒரு மீற்றரை நெருங்கும் அளவுக்கு வளர்ந்த பின்தான் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரியவை அநேகமாக முட்டைக்காரிகள். அதை விட்டுவிடுங்கள் என்று, அடுத்த நாள் அரிசிக்குக் காசில்லாதவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரிடம் சொல்வேன். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை வாவியில் இரவோடிரவாகப் போடுகிறவர்களிடம் அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் தடியையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாய்ச்சி அடிக்காமல், மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லையென்றால் உப்பு ரீலுக்குள்ளே போகும். வளையத்தின் காலடியில் பச்சையோ துருவோ தெரிந்தால் நூலை வெட்டி மறுபடி சுற்றுங்கள்.

அந்தத் தடியில் நாங்கள் விட்ட பிழை ஒன்றும் இருக்கிறது. வளையக் கட்டுகளுக்கு எப்பொக்சி பூசியது கார்த்திகை மழைக்குள். ஈரக்காற்றில் அது பால் போலக் கலங்கி, ஒட்டும் தன்மை போகாமலே காய்ந்தது. பூசிய தடியைத் திருப்பிக் கொண்டே இருக்கவுமில்லை, பசை ஒரு பக்கம் வழிந்து நின்றது. இரண்டு மாதத்தில் இரண்டாம் வளையம் கழன்றது. மாசி வெயிலில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, இரு பகுதிகளையும் சம அளவில் கலந்து, தடியை இரண்டு கதிரைகளுக்கிடையில் வைத்து, அவருடைய பேத்தி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையால் உருட்டிக் கொண்டிருக்க, மறுபடி பூசினோம். அந்தக் கட்டுகள் இன்னும் நிற்கின்றன.